ஐடி ஆபரேஷன்ஸுக்குள் ஏஐ: அலர்ட் குப்பையைக் கூட்டுவதிலிருந்து தானியங்கிச் செயல் வரை முழுமையான வழிகாட்டி

2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச் சந்தை திறப்பதற்கு முன்பே நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் உள் கணினி 97 மெயில்களை அனுப்பிவிட்டது. 8 சர்வர்களில் ஏற்ற வேண்டிய புது மென்பொருள் ஒன்றில் மட்டும் விடுபட்டிருந்தது. அதன் அறிகுறியைத்தான் அந்த மெயில்கள் சொல்லிக்கொண்டிருந்தன. யாரும் திறந்து பார்க்கவில்லை. அலர்ட் என்ற கணக்கிலேயே அவை இல்லை. சந்தை திறந்த 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது.

2025 அக்டோபரில் நடந்தது இதற்கு நேர் எதிர். வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசானின் கிளவுட் பகுதியில் டைனமோடிபி டேட்டாபேஸ் சேவையின் டிஎன்எஸ் பதிவுகளை (பெயரைக் கணினி முகவரியாக மாற்றித் தருபவை) பராமரித்தது மனிதர்கள் அல்ல, தானியங்கி நிரல்கள். ஒன்றின் வேலையை இன்னொன்று முந்திக்கொண்டதில் முக்கியமான பதிவு ஒன்று காலியாகிவிட்டது. தானாகச் சரிசெய்துகொள்ளவும் அந்த அமைப்பால் முடியவில்லை. பொறியாளர்கள் கையால் சரிசெய்யும்வரை அதை நம்பியிருந்த ஏராளமான சேவைகள் படுத்திருந்தன.

முதல் சம்பவத்தில் கண் இல்லை. இரண்டாவதில் கை வேகமாகப் போய்விட்டது. ஏஐக்குக் கண்ணைச் சீக்கிரம் கொடுங்கள், கையைக் கடைசியில் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி. கீழே வரும் படிகளின் வரிசையும் அதனால்தான் அப்படி அமைந்திருக்கிறது. சொந்த ஐடி குழு, சில நூறு சர்வர், ஒரு ஹெல்ப்டெஸ்க், கொஞ்சம் கிளவுட், 24 மணி நேர ஷிப்ட் என்று ஓடும் நிறுவனத்தை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: எந்த வலிக்கு மருந்து?

ஏஐஆப்ஸ் (ஐடி ஆபரேஷன்ஸுக்கான ஏஐ) என்ற பெயரை 2016 வாக்கில் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் புழக்கத்தில் விட்டது. இன்று அந்த ஒரே பெயரில் நான்கு வேறு சரக்குகள் விற்கின்றன. வழக்கத்துக்கு மாறான அளவுகளைக் கண்டுபிடிப்பது ஒன்று. ஒரே பழுதால் வந்த இருநூறு அலர்ட்டுகளை ஒரு சம்பவமாகக் கட்டித் தருவது இன்னொன்று. டிக்கெட்டை (ஹெல்ப்டெஸ்க்கில் பதியும் புகாரை) படித்துப் பிரித்து, பதில் எழுதித் தரும் மொழி மாதிரி (சாட்ஜிபிடியின் பின்னால் இருப்பது போன்ற ஏஐ) மூன்றாவது. தானே கட்டளை இயக்கும் ஏஜென்ட் நான்காவது. வெண்டர் டெமோவில் நான்கும் ஒரே திரையில் வரும். நமக்குத் தேவை பெரும்பாலும் ஒன்றுதான்.

எது என்று தெரிய, கடைசி மூன்று மாத டிக்கெட்டுகளையும் அலர்ட்டுகளையும் எக்செல்லில் இறக்கி, வகைவாரியாக எண்ணுங்கள். பாஸ்வேர்டு பூட்டிக்கொண்டது, விபிஎன், டிஸ்க் நிரம்பியது, ஷேர்டு ஃபோல்டருக்கு அனுமதி, பிரின்டர். மேலே நிற்பவை அநேகமாக இவையாகத்தான் இருக்கும். இவற்றில் பாதிக்கு ஏஐயே வேண்டாம். ஒரே சர்வரில் வாராவாரம் டிஸ்க் நிரம்பினால் அங்கே லாக் ரொட்டேஷன் (பழைய பதிவுக் கோப்புகளைச் சுழற்சியில் நீக்குவது) சரியில்லை என்று அர்த்தம். அதை முன்கூட்டியே கணிக்கும் கருவிக்கு உரிமக் கட்டணம் கட்டுவதைவிட அந்த கான்ஃபிக் கோப்பைத் திருத்துவது மலிவு. இப்படிக் களைந்த பிறகும் மிஞ்சுவதுதான் ஏஐக்கான வேலை.

இந்தக் கட்டத்திலேயே இன்றைய நிலையையும் அளந்து எழுதிவையுங்கள்: ஒரு ஷிப்டுக்கு எத்தனை அலர்ட், அதில் எத்தனைக்கு உண்மையில் யாராவது ஏதாவது செய்தார்கள், சம்பவத்தைக் கையிலெடுக்க எவ்வளவு நேரம், தீர்க்க எவ்வளவு நேரம், மூடிய டிக்கெட் எத்தனை முறை திரும்பத் திறந்தது. சராசரியை நம்ப வேண்டாம். ஒரே ஒரு பெரிய அவுட்டேஜ் (சேவை முடக்கம்) அதைக் கோணலாக்கிவிடும். நடு எண்ணாகிய மீடியனை எடுங்கள். இந்தக் கணக்கு இல்லாமல் கருவியை வாங்கினால், ஆறு மாதம் கழித்து வெண்டர் காட்டும் வரைபடத்துக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

படி 2: தரவைச் சீராக்குவது

திட்டத்தின் பாதி நேரம் இங்கே போகும், போகட்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. மேலிடத்துக்குக் காட்டத் திரையும் இல்லை. ஆனால் ஏஐ திட்டங்கள் தேய்ந்து காணாமல் போவது இங்கே குறுக்குவழி தேடும்போதுதான்.

முதலில் கடிகாரம். ஒரு சர்வர் மூன்று நிமிடம் முந்தி ஓடினால், எது காரணம், எது விளைவு என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. இந்தியாவில் இது சட்டப் பிரச்சினையும்கூட. அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வருடனோ அவற்றை அடியொற்றிய ஒன்றுடனோ எல்லாக் கணினிகளும் ஒத்திசைய வேண்டும்; லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்; பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏஐக்கு வேண்டிய அடிப்படையும் ஏறக்குறைய இதுவே. ஒரே செலவில் இரண்டு வேலை முடிகிறது என்று நிதித் துறையிடம் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து, எது எதை நம்பியிருக்கிறது என்ற வரைபடம். சிஎம்டிபி (என்னென்ன சர்வர், மென்பொருள் இருக்கின்றன, எது எதோடு இணைந்தது என்ற பதிவேடு) என்று ஒன்று எல்லா நிறுவனத்திலும் இருக்கும். ஓய்வுபெற்ற சர்வர்களும் பெயர் மாறிய அப்ளிகேஷன்களும் அதில் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருக்கும். முழுவதையும் சுத்தம் செய்யக் கிளம்பினால் வருடம் ஓடிவிடும். பைலட்டுக்கு எடுக்கும் ஒரு சேவையை மட்டும், அதன் டேட்டாபேஸ், லோட் பேலன்சர், நம்பியிருக்கும் வெளிச் சேவை வரை சரியாக வரைந்தால் போதும்.

மூன்றாவது, சேஞ்ச் பதிவுகள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நேற்றுவரை ஓடியது இன்று நின்றால், அனுபவசாலி கேட்கும் முதல் கேள்வியே "யார் என்ன மாத்தினீங்க?" என்பதுதான். டிப்ளாய்மென்ட், பேட்ச், ஃபயர்வால் விதி மாற்றம், சான்றிதழ் புதுப்பிப்பு எல்லாம் நேரத்தோடு கருவிக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் அது சிபியு வரைபடத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டே இருக்கும்.

நான்காவது, டிக்கெட்டை மூடும்போது எழுதும் குறிப்பு. "ரிசால்வ்டு", "நவ் ஓகே", "யூசர் கன்ஃபர்ம்டு". இதைப் படித்து எந்த மாதிரி என்ன கற்றுக்கொள்ளும்? அறிகுறி, காரணம், செய்த காரியம் என்று மூன்று வரி கட்டாயம் என்று வையுங்கள். முதல் இரண்டு வாரம் எல்2 (இரண்டாம் நிலை ஆதரவு) ஆட்கள் முணுமுணுப்பார்கள். நல்ல குறிப்புகளைக் குழு சந்திப்பில் படித்துக் காட்டினால் மெல்லப் பழகிவிடும். ஹெல்ப்டெஸ்க் ஏஐயின் தரத்தில் மிகப் பெரிய பங்கு, நீங்கள் எந்த மாதிரியை வாங்குகிறீர்கள் என்பதைவிட இந்த மூன்று வரிக்குத்தான் என்பது என் கணிப்பு.

மௌனத்தையும் அலர்ட்டாக்குங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்அப்பைத் தேடினால், அது நெடுநாளாகவே எடுக்கப்படவில்லை. தோல்வி என்று மெயில் போகாமல் இல்லை. டிமார்க் (அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும்) சரிபார்ப்பில் அந்த மெயில்கள் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்துசேரவில்லை. சுமார் 6 மணி நேரத் தரவு போனது. வழக்கமாக வர வேண்டியது வராவிட்டால் கத்தும் ஏற்பாட்டுக்கு ஏஐ வேண்டாம். ஆனால் அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் ஏஐயும் "எல்லாம் அமைதி" என்றுதான் சொல்லும்.

படி 3: அலர்ட்டுகளைக் கையால் குறைப்பது

90 நாளில் ஒருமுறைகூட யாரும் செயல்படாத அலர்ட் விதிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். பொறுப்பாளர் இல்லையென்றால் நீக்குங்கள். சிபியு 80 சதவீதம் என்பது தன்னளவில் செய்தியே அல்ல. பயனருக்குத் தாமதமாகிறதா, பிழை வருகிறதா என்பதுதான் செய்தி. இந்தச் சுத்திகரிப்பை ஏஐயிடம் விட்டால், குப்பையை அழகாக அடுக்கித் தரும். அவ்வளவுதான்.

படி 4: கருவி

புதிதாக வாங்கும் முன், ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருப்பதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சென்னையில் பிறந்த மேனேஜ்என்ஜின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ்ஸாகட்டும், ஃப்ரெஷ்சர்வீஸாகட்டும், சர்வீஸ்நவ், டேட்டாடாக், டைனாட்ரேஸாகட்டும், எல்லாவற்றிலும் ஏஐ வசதிகள் வந்துவிட்டன. சில மேல்தட்டுப் பதிப்பில் மட்டும் கிடைக்கும். பிராமிதியஸ், கிரஃபானா என்று திறந்த மூலக் கண்காணிப்புக் கருவிகளில் ஓடுபவர்கள், தங்கள் சொந்த சர்வரிலேயே ஒரு மொழி மாதிரியை இயக்கி, அலர்ட் சுருக்கம் எழுதுவதிலிருந்து தொடங்கலாம். லாக், மெட்ரிக் சேகரிப்பை ஓபன்டெலிமெட்ரி என்ற பொதுத் தர முறையில் வைத்துக்கொண்டால் நாளைக்கு வெண்டரை மாற்றுவது எளிது.

வெண்டரிடம் அவர்களுடைய டெமோ தரவு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் நிறுவனத்தில் நடந்த, காரணம் உங்களுக்குத் தெரிந்த மூன்று பழைய அவுட்டேஜ்களின் அலர்ட்டையும் லாக்கையும் கொடுத்து, காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். கூடவே பெரிய சம்பவம் எதுவும் நடக்காத ஒரு சாதாரண வாரத்தின் தரவையும் கலந்து கொடுங்கள். அந்த வாரத்தில் எத்தனை "ஆபத்து" கண்டுபிடிக்கிறது என்பது, அவுட்டேஜைக் கண்டுபிடித்ததா என்பதைவிட முக்கியமான தகவல். இரவு மூன்று மணிக்கு எழுப்பப்படப்போவது உங்கள் ஆட்கள்தான்.

விலையைக் கேட்கும்போது எதை வைத்துக் கணக்கு என்று கேளுங்கள்: சர்வர் எண்ணிக்கையா, லாக் ஜிபியா, ஹெல்ப்டெஸ்க் ஆட்களின் எண்ணிக்கையா, ஒவ்வொரு கேள்விக்குமா? லாக் அளவை வைத்து வாங்குபவர்கள், யாரோ ஒரு டெவலப்பர் டீபக் லாக்கை (பிழை தேட எழுதும் விரிவான பதிவை) அணைக்க மறந்த மாதத்தில் பில்லைப் பார்த்து அதிர்ச்சியடைவார்கள். உச்சவரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

படி 5: தரவு எங்கே போகிறது?

2023இல் சாம்சங் ஊழியர்கள் சாட்ஜிபிடியில் நிறுவனத்தின் சோர்ஸ் கோடை ஒட்டியது செய்தியானது. அதன் பிறகு நிறுவனம் அத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. தடை மட்டும் போட்டுவிட்டு மாற்று கொடுக்காவிட்டால், ஆட்கள் சொந்த போனில் போட்டோ எடுத்துக் கேட்பார்கள். அனுமதித்த கருவி ஒன்றைக் கொடுப்பதே பாதுகாப்பு.

லாக்குகளில் எதிர்பாராதவை இருக்கும்: டோக்கன், பாஸ்வேர்டு, ஆதார் எண், பான், வாடிக்கையாளரின் மொபைல் எண். கருவிக்குப் போகும் வழியிலேயே இவற்றை மறைக்கும் வடிகட்டி வேண்டும். போன பிறகு மறைப்பதில் பயனில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஊழியர்களின் தரவுக்கும் பொருந்தும். வங்கி, என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்) என்றால், ரிசர்வ் வங்கி 2023இல் வெளியிட்ட ஐடி அவுட்சோர்சிங் வழிகாட்டு நெறிகளைச் சட்டத் துறையோடு உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் கையெழுத்து. நம் தரவை மாதிரியைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவார்களா என்ற கேள்விக்கு விற்பனை ஆளின் வாய்வார்த்தை போதாது. ஒப்பந்தத்தில் வரியாக இருக்க வேண்டும்.

படி 6: நிழல் ஓட்டம்

மிக முக்கியமானதும் வேண்டாம், யாருக்கும் தேவைப்படாததும் வேண்டாம். நடுத்தரமான ஒரு சேவையை எடுங்கள். கருவிக்குப் படிக்கும் அனுமதி மட்டும். அது சொல்வதை ஆன்-கால் ஆட்களுக்கு (அவசர அழைப்பை எடுக்கும் முறைக்காரர்களுக்கு)க் காட்டாமல், தனியே பதிவு செய்யுங்கள். வாரம் ஒருமுறை, கருவி சொன்ன காரணம் ஒரு பத்தியில், குழு கண்டுபிடித்த காரணம் அடுத்த பத்தியில் வைத்து ஒப்பிடுங்கள்.

குறைந்தது இரண்டு, மூன்று மாதச் சுழற்சியைப் பார்த்தாக வேண்டும். மாதக் கடைசியின் சம்பள ஓட்டம், 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி மாதக் கணக்கு) கெடு, தீபாவளித் தள்ளுபடி விற்பனை என்று நம் ஊர்ச் சுமைக்கு ஒரு தாளம் உண்டு. இதைப் பார்த்திராத மாதிரி, சாதாரண மாதக் கடைசியைத் தாக்குதல் என்று நினைக்கும். பார்த்துப் பழகியதோ, மாதக் கடைசியில் உண்மையிலேயே தாக்குதல் வந்தாலும் "வழக்கம்தான்" என்று விட்டுவிடக்கூடும். இரண்டையும் சோதியுங்கள்.

மொழி மாதிரி எழுதும் ஆர்சிஏ (மூல காரண ஆய்வு) அறிக்கை, தவறாக இருக்கும்போதும் சரளமாகவே இருக்கும். ஒவ்வொரு கூற்றுக்கும் அதற்கு ஆதாரமான லாக் வரியின் இணைப்பு இருக்க வேண்டும், இல்லையேல் அந்தக் கூற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதை விதியாக்குங்கள்.

படி 7: ஹெல்ப்டெஸ்க்

நிழல் ஓட்டம் தேறிய பிறகு, ஊழியர்களுக்குத் தெரியும்படி முதலில் திறக்க ஏற்ற இடம் இது. அறிவுத் தளக் கட்டுரைகளிலிருந்து எடுத்துப் பதில் சொல்லும் சாட்பாட் போதும். அதற்கு முன் அந்தக் கட்டுரைகளில் காலாவதியானவற்றைத் தூக்குங்கள். பழைய விபிஎன் மென்பொருளை நிறுவும் முறையை பாட் மிகப் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் வேடிக்கையாக இருக்காது. சோதிக்கும்போது இலக்கண சுத்தமான ஆங்கிலக் கேள்விகளை மட்டும் கொடுக்காதீர்கள். "விபிஎன் கனெக்ட் ஆகல, காலைல இருந்து" என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவதுதான் நம் ஆட்களின் உண்மையான டிக்கெட். இரண்டு பதிலுக்குள் தீரவில்லையென்றால் மனிதரிடம் போகும் பொத்தான் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

பாஸ்வேர்டு ரீசெட்டைப் பாட்டிடம் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எண்ணிக்கையில் முதலிடம் அதற்குத்தானே. 2023 செப்டம்பரில் கேசினோ நிறுவனமான எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் மீது நடந்த தாக்குதல், ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் போட்டு ஊழியர் போல நடித்ததில் தொடங்கியதாகச் செய்திகள் வந்தன. சுமார் 10 கோடி டாலர் பாதிப்பு என்று நிறுவனமே அறிவித்தது. பேச்சில் ஏமாற்ற முடிந்தால் சாட்டிலும் ஏமாற்ற முடியும். அடையாளச் சரிபார்ப்பு பாட்டின் "முடிவாக" இருக்கக் கூடாது. பதிவுசெய்த கருவியில் உறுதிசெய்த பிறகே ரீசெட் கதவு திறக்க வேண்டும். இரண்டாம் காரணியையே (ஓடிபி போன்ற கூடுதல் அடையாளச் சான்றை) மாற்றச் சொல்லும் கோரிக்கை எப்போதும் மனிதரிடம்.

படி 8: கையைக் கொடுப்பது

புதிதாகச் சேர்ந்த எல்1 (முதல் நிலை ஆதரவு) ஆளுக்கு முதல் நாளே மொத்த நெட்வொர்க்கையும் ஆளும் டொமைன் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுப்போமா? ஏஜென்ட்டுக்கு மட்டும் கொடுக்கிறோம், "சும்மா பைலட்தானே" என்று.

2025 ஜூலையில் ரெப்ளிட் தளத்தின் கோடிங் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று பயனர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும், நேரடிப் பயன்பாட்டில் இருந்த (புரொடக்ஷன்) டேட்டாபேஸை அழித்துவிட்டது. ப்ராம்ப்ட்டில் (ஏஐக்குத் தரும் அறிவுரையில்) எழுதும் "செய்யாதே" வெறும் வேண்டுகோள். அனுமதி இல்லாத கணக்குதான் வேலி. எனவே ஏஜென்ட்டுக்குத் தனி சர்வீஸ் அக்கவுன்ட், அந்த ஒரு வேலைக்கு மட்டுமான உரிமை, ஒவ்வொரு கட்டளையும் அழிக்க முடியாத லாக்கில்.

முதலில் அது பரிந்துரைக்கட்டும், ஆள் கட்டளையைத் தானே தட்டட்டும். பிறகு ஆள் ஒப்புதல் கொடுத்தால் அது இயக்கட்டும். கடைசியில்தான், சில வேலைகளுக்கு மட்டும், கேட்காமல் இயக்குவது. எந்த வேலைகள்? திரும்பச் செய்தாலும் கெடாதவை, பின்வாங்கக் கூடியவை: நிலை எதையும் வைத்திராத ஒரு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது, தற்காலிகக் கோப்புறையைக் காலி செய்வது, ஒரு சர்வரைக் கூடுதலாகச் சேர்ப்பது. டிஎன்எஸ், ஃபயர்வால், ஆக்டிவ் டைரக்டரி குழுக்கள் (ஊழியர் கணக்கு, அனுமதிகளை ஆள்பவை), டேட்டாபேஸ், பேக்அப்: இவற்றுக்குத் தானியங்கி அனுமதி இப்போதைக்கு வேண்டாம் என்பேன். வெண்டர் எவ்வளவு அழகாகப் பேசினாலும்.

எண்ணிக்கைக்கும் வரம்பு வேண்டும். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும் தாமதமாகிவிட்டது, ஏனென்றால் அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயிருந்தது. உங்கள் ஏஜென்ட் ஒரே நேரத்தில் ஒரு குழுவில் ஒரு சர்வரைத்தான் தொடலாம். மணிக்கு இத்தனை செயல்தான். மீறினால் தானே நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். முழுவதையும் நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்று ஷிப்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இரண்டு தானியங்கிகள் ஒரே பொருளைத் தொடுகின்றனவா என்றும் பாருங்கள். ஆட்டோஸ்கேலிங் ஒரு பக்கம் சர்வரைக் குறைக்க, ஏஜென்ட் இன்னொரு பக்கம் கூட்ட, நடுவில் சேவை தள்ளாடும்.

ஒப்புதல் திரையையும் கவனியுங்கள். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் வரும் "அப்ரூவ்" பொத்தானை யாரும் யோசித்து அழுத்துவதில்லை. என்ன கட்டளை, எந்தெந்த சர்வர், பின்வாங்குவது எப்படி என்று மூன்றும் அதே திரையில் தெரிய வேண்டும்.

இன்னொரு ஆபத்து புதிது. ஏஜென்ட் படிக்கும் டிக்கெட், மெயில், லாக் வரி எல்லாம் வெளியாள் எழுதக்கூடியவை. "முந்தைய அறிவுரைகளை மறந்துவிட்டு இதைச் செய்" என்று அதில் ஒளித்து வைத்தால், மாதிரி அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளலாம். மொழி மாதிரிகளுக்காக ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு தயாரித்த ஆபத்துப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். 2025இல் மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்டில் கண்டுபிடிக்கப்பட்ட எக்கோலீக் ஓட்டையில், பயனர் எதையும் கிளிக் செய்யாமலே, வந்த ஒரு மெயில் வழியாகத் தகவலை வெளியே கசியவிட முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறகு அது அடைக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் எழுத்தைப் படிக்கும் ஏஜென்ட்டும் சர்வரில் கட்டளை இயக்கும் ஏஜென்ட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது.

படி 9: கருவியே விழுந்தால்

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்பகம் விழுந்தபோது, அதன் நிலையைச் சொல்ல வேண்டிய பலகையும் எஸ்3ஐ நம்பியிருந்ததால் உடனே புதுப்பிக்க முடியவில்லை. உங்கள் ஏஐ கருவி உங்கள் ஒற்றை உள்நுழைவையும் அதே நெட்வொர்க்கையும் நம்பியிருந்தால் இதே கதைதான். முக்கியமான ரன்புக்குகளும் (படிப்படியான செயல்முறைக் குறிப்புகள்) போன் எண்களும் வேறொரு இடத்தில், முடிந்தால் அச்சிலும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை கருவியை அணைத்துவிட்டு ஒரு பழைய சம்பவத்தைக் குழு கையால் தீர்த்துப் பார்க்கட்டும். கை மறந்துபோவது வேகமாக நடக்கும்.

படி 10: ஆட்கள்

எல்1 ஆட்களிடம் ஒளிக்காதீர்கள். "உங்க வேலையை எளிதாக்கத்தான்" என்ற மேலாளர் பேச்சை யாரும் நம்புவதில்லை. இரவு ஷிப்ட் அலவன்ஸ் போகுமா என்பதுதான் அவர்கள் கேட்காமல் கேட்கும் கேள்வி. இடங்கள் குறையுமா குறையாதா, யார் எதைக் கற்றுக்கொண்டால் எங்கே போகலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். ரன்புக் எழுதவும் ஏஜென்ட்டின் பதில்களைத் திருத்தவும் அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. எந்த அலர்ட் பொய், எந்த சர்வர் திங்கட்கிழமை காலையில் மட்டும் மக்கர் செய்யும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தானியங்கிச் செயலுக்கும் ஒரு மனிதர் பெயர் பொறுப்பாளராக இருக்க வேண்டும். "ஏஐ செய்துவிட்டது" என்று ஆர்சிஏ எழுத அனுமதிக்காதீர்கள்.

படி 11: ஆறு மாதம் கழித்து

படி 1இல் எழுதிய எண்களை எடுத்து ஒப்பிடுங்கள். அலர்ட் குறைந்தது என்பது மட்டும் வெற்றியல்ல, எல்லாவற்றையும் அமுக்கினாலும் குறையும். எனவே கருவி அமுக்கிய அலர்ட்டுகளில் சிலவற்றை வாரந்தோறும் குலுக்கல் முறையில் எடுத்து, அதில் உண்மையானது ஏதாவது சிக்கியதா என்று எல்2 ஆள் ஒருவர் பார்க்கட்டும். பாட் மூடிய டிக்கெட்டில் எத்தனை பேர் மறுநாள் திரும்பி வந்தார்கள் என்றும் பாருங்கள்.

வெண்டர்கள் பின்னால் இருக்கும் மாதிரியைச் சொல்லாமல் மாற்றுவதுண்டு. பதில் தெரிந்த பழைய டிக்கெட், அவுட்டேஜ் சில டஜன் எடுத்து நிரந்தரத் தேர்வுத் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பு மாறும்போதெல்லாம் அதை ஓட்டிப் பாருங்கள்.

ஒப்பந்தப் புதுப்பிப்புத் தேதிக்குக் குறைந்தது 90 நாள் முன்பாகவே இந்த மதிப்பீடு முடிய வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து இருந்தால் அறிவிப்புக் காலம் எவ்வளவு என்று பார்த்து, அந்தத் தேதியைக் காலண்டரில் நிதித் துறைக்கும் சேர்த்துப் போடுங்கள். இதற்குள் நீங்கள் செதுக்கிய தொகுப்பு விதிகள், ப்ராம்ப்ட்டுகள், ரன்புக்குகள் எல்லாம் வெண்டரின் திரைக்குள் மட்டும் இல்லாமல் உங்கள் கிட் (கோப்புகளின் பதிப்புகளைச் சேமிக்கும் மென்பொருள்) களஞ்சியத்திலும் இருக்க வேண்டும். அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது என்று வெண்டர் சொன்னால், அடுத்த வருட விலையைப் பேசும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.